அம்மா அறுத்த கல்யாணக் கார்

பழைய காரில் ஓர் ஆணியைக்கூட மாற்றக் கூடாது என்று இப்போது ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. போன மாதம் என் மகன் அப்படி ஒரு கண்காட்சிக்கு என்னைக் கூட்டிப் போனான். கயிறு கட்டி, கீழே சிவப்புத் துணி விரித்து, மூச்சுக்காற்று பட்டால் குற்றம் என்பது போல நிறுத்தியிருந்தார்கள். ‘வந்தது வந்தபடியே இருக்கும்மா, ஒரு கீறல் கிடையாது’ என்று அங்கே நின்ற பையன் பெருமையாகச் சொன்னான். ‘ஓடுமா தம்பி?’ என்று கேட்டேன். முழித்தான். அவனோடு சண்டைக்கா நிற்க முடியும்? வீட்டுக்கு வந்ததும், உங்களிடமாவது சொல்லித் தீர்த்துக்கொள்வோம் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். யுத்த காலத்தில் கரி பஸ்ஸில் ஏறி, மேட்டில் இறங்கித் தள்ளி, மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வந்ததைப் பார்த்தவர்கள் நீங்கள். உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீடு சிம்மக்கல்லில், ஆற்றுப் பக்கம் போகும் ஒரு சந்தில் இருந்தது. வீட்டைவிடக் கார் கொட்டகை பெரிது. மழைக்கு வீடு ஒழுகும், கொட்டகை ஒழுகாது. அப்பாவை நாங்கள் அய்யா என்போம்; அவருக்கு எது முக்கியம் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள். அவர் ஒரு ஜமீன் வீட்டில் பத்து வருசம் கார் ஓட்டியவர். அவர்கள் புதுக் கார் வாங்கியபோது பழையதை அய்யாவுக்கே கொடுத்துவிட்டார்கள். கரும்பச்சை நிறம். மடக்குக் கூரை. மரக்கம்பி வைத்த சக்கரங்கள். முன்னால் இரண்டு பித்தளை விளக்குகள், பக்கத்தில் ரப்பர்க் குமிழை அமுக்கினால் வாத்துப் போலக் கத்தும் ஊதுகுழல். அய்யா அதைக் கல்யாணக் காராக்கினார். மாப்பிள்ளை அழைப்பு என்றால் கூரையை மடக்கி, பூச்சரம் சுற்றி, மாசி வீதியில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்ந்து வரும். மேளக்காரர் நின்றால் நிற்கும், நடந்தால் நடக்கும். அப்படி ஓட்டுவதற்கு மதுரையிலேயே அய்யா ஒருத்தர்தான் என்று பேர்.

புளி போட்டுத் துலக்கிய பித்தளை, வெயிலில் காய்ந்த தோல் இருக்கை, போன கல்யாணத்தின் வாடிய மல்லிகை, அதோடு பெட்ரோல் வாசம். இந்த நாலும் கலந்த நெடி இருக்கிறதே, அடடா! அம்மா என்னைக் காணோம் என்றால் நேரே கொட்டகைக்குத்தான் வருவாள். அய்யா எனக்கு மட்டும் பின் இருக்கையில் ஏற அனுமதி கொடுத்திருந்தார். அதுவும் கால் கழுவிவிட்டு.

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. கூப்பன் மாதா மாதம் சுருங்கியது. ஊரில் ஓடிய பஸ்களின் முதுகிலெல்லாம் ஆள் உயர டிரம் ஒன்று ஏறியது. அதில் கருவேலங்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கையால் விசிறியைச் சுற்றி, அந்தப் புகையில் இன்ஜினை ஓட்டினார்கள். எங்கள் சித்தப்பா ஒரு லாரி ஷெட்டில் மெக்கானிக். அந்த வருசம் முழுக்க அவருக்கு டிரம் பூட்டுவதுதான் வேலை. சும்மா இருப்பாரா? அய்யாவிடமும் வந்து ஆரம்பித்தார்.

“அண்ணே, பின் தகட்டுல ஒரு சதுரம் அறுத்தாப் போதும். இரும்புச் சட்டம் உள்ள போயிரும், டிரம் கச்சிதமா உக்காந்துக்கிரும்.”

“எதை அறுக்கணும்?”

“பின் தகடுண்ணே.”

“உன் முதுகைக் காட்டு, அதுல ஒரு சதுரம் அறுக்கேன். அப்புறமா காரைப் பாப்போம்.”

சித்தப்பா சிரித்து மழுப்பிவிட்டுப் போய்விட்டார். அவர் சின்ன வயசிலிருந்தே அய்யாவுக்குப் பயந்தவர். அம்மா அப்படியில்லை. அவள் சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, “கொழுந்தன் சொல்றதுல என்ன தப்பு?” என்று கேட்டாள்.

“மணவறைக்குப் போற மாப்பிள்ளைக்குப் பின்னாடி கரி அடுப்பு புகையுமா? எந்த வீட்டுல ஒத்துக்குவாக? அது வந்தது வந்தபடி இருக்கணும். அறுத்தா அது காரு இல்ல, அடுப்படி.”

அய்யா ஒரு வழி கண்டுபிடித்தார். ஊர்வலம் என்பது நடை வேகம்தானே? இன்ஜின் எதற்கு? பின்னால் இரண்டு ஆள் குனிந்து தள்ளினால் போதும். தள்ளுகிறவர்களை மறைக்க வாழைக்கன்றும் தென்னந்தோரணமும். அய்யா முன்னால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே ஓட்டுவது போல ஊதுகுழலை அமுக்கிக்கொண்டு வருவார். சிரிக்காதீர்கள். நாலைந்து கல்யாணம் இப்படித்தான் நடந்தது, யாருக்கும் தெரியவில்லை.

ஐந்தாவதோ ஆறாவதோ ஒரு கல்யாணத்தில், தள்ளுகிற ஆட்கள் வரவில்லை. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் “நாங்க இருக்கோம்ணே, அங்கிட்டு உக்காருங்க” என்று வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள். மேளம் உச்சத்துக்குப் போனது. பயல்களுக்கும் உற்சாகம் தலைக்கேறியது. தள்ளினார்கள் பாருங்கள் ஒரு தள்ளு! கார் போய்த் தவில்காரரின் பின்பக்கத்தில் முட்டியது. அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் மனுசர் தவிலைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார். “இன்ஜின் இல்லாத காருக்கு முன்னாடி நான் வாசிக்க மாட்டேன்” என்று நடுத்தெருவில் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை இறங்கி நடந்து போனார். மறுநாளிலிருந்து எங்கள் காருக்குத் ‘தள்ளு காரு’ என்று பேர். பள்ளிக்கூடத்தில் என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒருத்தியின் சடையைப் பிடித்து இழுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எங்களைத் தேடி யாரும் வரவில்லை. அம்மா உலையில் போடும் அரிசி குறைந்தது. அய்யா தினமும் பித்தளையைத் துலக்குவதை மட்டும் விடவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது சாதாரணமாகச் சொன்னார்.

“பட்டாளத்துக்கு டிரைவர் எடுக்காங்களாம். அசாம் பக்கம். நான் பேர் குடுக்கப் போறேன்.”

அம்மா செம்பைக் கீழே வைத்தாள்.

“காரை?”

“தார்ப்பாய் போட்டு மூடி வச்சுட்டுப் போறேன். யுத்தம் முடியட்டும், வந்து எடுத்துக்கிறேன். ஒருத்தரும் அதுல கை வைக்கக் கூடாது.”

எதிர்ச் சந்தில் ஒரு வீட்டு மாமா அப்படித்தான் லாரி ஓட்டப் போனார். அவருடைய டிரங்குப் பெட்டி மட்டும் திரும்பி வந்தது. அந்த வீட்டு அத்தை அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. அம்மா அவளோடுதான் தண்ணீர் எடுக்கப் போவாள். அய்யாவுக்கும் இது தெரியும். தெரிந்தும் அப்படிச் சொன்னார். அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: எங்களைவிட அந்தக் கார் அவருக்குப் பெரிது. இப்போது யோசித்தால் வேறு மாதிரி படுகிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்து, அம்மா அரிசியைக் குறைப்பதைப் பார்க்க அவரால் முடியவில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். காரைச் சாக்காக வைத்துக்கொண்டார்.

பேர் கொடுக்கப் போவதற்கு முதல் நாள், பரவையில் இருந்த எங்கள் அத்தையிடம் சொல்லிவிட்டு வரக் கிளம்பினார். விடிந்தும் விடியாத நேரம். தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தாயி, நீதான் காவல். சித்தப்பன் வந்தா உள்ள விடாத.”

“சரிய்யா.”

அம்மாவை விடாதே என்று அவர் சொல்லவில்லை. அது அவர் செய்த தப்பு.

அவர் சந்து திரும்பியதுதான் தாமதம், அம்மா போய்ச் சித்தப்பாவைக் கூட்டி வந்துவிட்டாள். அவர் துளை போடும் கருவியும் சாக்கட்டியும் இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடுகளுமாக வந்தார். நான் கொட்டகை வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். அம்மா என் கையைப் பிடித்து, திட்டாமல், மெதுவாகச் சொன்னாள்: “உங்க அய்யா இங்க இருக்கணுமா, காரு இங்க இருக்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு.” எனக்குப் பதினோரு வயசு. ஒதுங்கி வழி விட்டேன்.

சித்தப்பா தார்ப்பாயை அவிழ்த்தார். பின் தகட்டில் சாக்கட்டியால் ஒரு சதுரம் போட்டார். மூலையில் ஒரு துளையும் போட்டார். அதற்குமேல் அவர் கை ஓடவில்லை.

“மதினி, என்னால முடியல. அண்ணன் என்னைக் கொன்னுபோடுவாரு.”

“கொல்லட்டும். அறுங்க.”

“வேண்டாம் மதினி. நான் வாரேன்.” பிளேடைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அவரைப் பயந்தாங்கொள்ளி என்று மனசுக்குள் திட்டினேன். ஆனால் அந்தத் தகட்டைத் தம்பி அறுத்திருந்தால் அண்ணன் தம்பி உறவு அன்றோடு முடிந்திருக்கும். அதைச் செய்யக்கூடிய ஒரே ஆள் யார் என்று சித்தப்பாவுக்குத் தெரிந்திருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அம்மா அவர் போவதைக்கூடப் பார்க்கவில்லை. சேலையை இழுத்துச் செருகினாள். பிளேடின் ஒரு முனையில் பழந்துணியைச் சுற்றினாள். மறுமுனையைத் துளைக்குள் விட்டாள். “ஏறி உள்ள உக்காரு. இருக்கைத் தோலை முன்னாடி இழுத்துப் பிடி. பல்லு தோல்ல படக் கூடாது. அவரு அதைத் தாங்க மாட்டாரு” என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஏறி உட்கார்ந்து பிடித்தேன்.

அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்ல! பல் கூசும். தகடு சூடாகும். பச்சை வண்ணம் மாவாக உதிரும். ஒரு விரற்கடை போக அரைமணி நேரம். பிளேடு ஒடிந்தது. அடுத்த பிளேடுக்குத் துணி சுற்றினாள். சாக்கட்டிக் கோடு ஒரு பக்கம் போக, அறுப்பு இன்னொரு பக்கம் போனது. “அம்மா, கோணுது” என்றேன். “கோணட்டும். நிக்கக் கூடாது” என்றாள். மத்தியானம் சோறு வடிக்கவில்லை. என் சின்னத் தம்பிக்குப் பொரிகடலையைக் கொடுத்து வெளியே விளையாட விட்டாள். சாயங்காலம் மூன்றாவது பிளேடும் ஒடிந்தபோது ஒரு பக்கமும் மேல் பக்கமும் அறுபட்டு, தகட்டின் மூலை நாய்க்காது போல மடங்கி நின்றது. இரண்டு பக்கம் மிச்சம் இருந்தது. அம்மாவின் உள்ளங்கைகளில் கொப்புளம் எழும்பி உடைந்திருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு காரின் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓடிப் போகவோ மறைக்கவோ செய்யவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அய்யா வந்தார். கொட்டகைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்ததும் நடை மாறியது. உள்ளே வந்து காரின் பின்பக்கம் போனார். தகட்டின் மடங்கிய மூலையை விரலால் தொட்டார். பிறகு என்னைத்தான் பார்த்தார்.

“தாயி. யாரு செஞ்சது?”

“அம்மா அறுத்துச்சு. நான் தோலைப் பிடிச்சுக்கிட்டேன்ய்யா.”

அவர் என்னை அடித்திருந்தால் தேவலை. பார்த்துக்கொண்டே நின்றார். அம்மா எழுந்து முன்னால் வந்தாள்.

“புள்ளையக் கேக்காதீங்க, என்னைக் கேளுங்க. காரு முழுசா இருக்கணும்னு நீங்க போயி, பெட்டி மட்டும் திரும்பி வந்தா நான் என்ன செய்ய? இந்தக் காருக்குத் தினமும் பித்தளை துலக்கிக்கிட்டு உக்காரவா? போறதுன்னா நாளைக்குப் போங்க, தடுக்கல. ஆனா காருக்காகப் போறேன்னு இனிமே சொல்ல முடியாது. அதை முடிச்சு வச்சிட்டேன்.”

அய்யா கிட்டே வந்தார். அம்மாவின் கையைப் பார்த்தார், சுற்றியிருந்த துணியில் கறையைப் பார்த்தார். திரும்பி வெளியே போய்விட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. பேர் கொடுக்கப் போவதற்காக அம்மா முன்பே துவைத்து மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டை பெட்டிமேல் இருந்தது. காலையில் அதைப் போட்டுக்கொண்டு போய்விடுவார், இனி வரமாட்டார், நான் தோலைப் பிடித்ததால்தான் எல்லாம் என்று நினைத்து நினைத்துத் தூங்கிப்போனேன்.

காலையில் கண் விழித்தது அறுக்கும் சத்தத்தில். பெட்டிமேல் பார்த்தேன், சட்டை அப்படியே இருந்தது. எழுந்து ஓடினேன். அய்யா மேல்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, சித்தப்பாவின் ஷெட்டிலிருந்து வாங்கி வந்த புதுப் பிளேடால், மிச்சம் இருந்த பக்கத்தை அறுத்துக்கொண்டிருந்தார். கோடு பிடித்தது போல நேராகப் போனது. அம்மா செம்பில் நீராகாரத்தோடு வாசலில் நின்றாள்.

“நீங்க போகல?”

“இதை இப்படி அரைகுறையா விட்டுட்டா? ஊரு காறித் துப்பும். எவளோ எலி கடிச்ச மாதிரி அறுத்து வச்சிருக்கா.”

“அந்த எவளோ இங்கதான் நிக்கிறா.”

“தெரியும். கையில வெண்ணெய் தடவிக்க. செம்பை அங்கிட்டு வச்சிட்டுப் போ.”

அம்மா போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து, முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முந்தின நாள் முழுக்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள்.

டிரம் பூட்டி முடிக்க ஒரு வாரம் ஆனது. அய்யாவுக்கு ஒன்றும் சரிப்படவில்லை. சித்தப்பா போட்ட ஒவ்வொரு திருகையும் கழற்றி மறுபடி போட்டார். டிரம்முக்கும் அதே கரும்பச்சை அடித்தார். முதல் நாள் கரி போட்டதுமே அது அப்பளம் போலக் கொப்பளித்து உரிந்தது. “கரி அடுப்புக்குப் பட்டுச் சேலையாண்ணே?” என்று சித்தப்பா கேட்டுவிட்டு, அடி விழாத தூரத்துக்கு நகர்ந்துகொண்டார்.

முதல் கல்யாணம் வடக்கு மாசி வீதியில். டிரம் தெரியக் கூடாது என்று அம்மா அதைச் சுற்றி மல்லிகைச் சரமாகத் தொங்கவிட்டாள். கூடை கூடையாகப் பூ. பாதி வீதி போவதற்குள் அத்தனை பூவும் சூட்டில் வெந்து, பழுப்பாகி, அவித்த கீரை வாசம் வந்துவிட்டது. மாப்பிள்ளை மூக்கைத் தேய்த்தார். பின்னாலிருந்து காற்றடித்து அவர் கன்னத்தில் ஒரு கைப்பிடி கரிப்பொடி. ஊர்வலம் நின்றது. மாப்பிள்ளையின் தாய் வாயைத் திறக்கப் போனாள். அய்யாவின் கழுத்து நரம்பு புடைப்பதை நான் பார்த்தேன். அப்போது எதிர் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற ஒரு பெண்பிள்ளை உரக்கச் சொன்னாள்:

“அடி ஆத்தி! நானே திருஷ்டிக்குக் கன்னத்துல மை வைக்கணும்னு நெனச்சேன், காரே வச்சு விட்டுருச்சு. அழிச்சுராதீங்க, நல்லது!”

சனம் கொல்லென்று சிரித்தது. தாய்க்காரியும் சிரித்துவிட்டாள். மேளம் மறுபடி கிளம்பியது. அன்றைக்கு வாசித்தவர் நாங்கள் முட்டிய அதே தவில்காரர்தான். இன்ஜின் சத்தம் கேட்டு ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், பிறகு அடித்தார் பாருங்கள், வீதியே அதிர்ந்தது. அந்த வருசம் மாப்பிள்ளைக் கன்னத்தில் கரி பட்டால்தான் ராசி என்று சிம்மக்கல் பக்கம் பேச்சு. சில வீடுகளில் அவர்களே தொட்டு வைத்துக்கொண்டார்கள். அம்மா பூச்சரத்தை விட்டுவிட்டு டிரம்முக்கு மூன்று பட்டை விபூதி மட்டும் பூசினாள்.

யுத்தம் முடியும்வரை கார் கரியில் ஓடியது. அய்யா எங்கேயும் போகவில்லை. பிறகு பெட்ரோல் வந்தது. டிரம்மைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். பித்தளை விளக்கில் ஒன்று எங்கேயோ தொலைந்தது, ஊதுகுழலின் ரப்பர் வெடித்து வேறு வந்தது. பின்னால் இருந்த ஓட்டைக்கு அய்யா ஒரு கித்தான் துணியைக் கட்டித் தொங்கவிட்டார். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள். “என் புத்தியை ஊருக்குக் காட்டணும்னே தகடு போட்டு மூடாம வச்சிருக்காரு.” நானும் அப்படித்தான் நம்பினேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. சித்தப்பா ஒருநாள் புதுத் தகட்டோடு வந்தார். அளவெடுத்து வெட்டி, வளைத்து, கரும்பச்சை அடித்து எல்லாம் தயார். “நம்ம பாப்பா கல்யாணம்ணே. பழையபடியே ஆக்கிருவோம். கண்ணு வச்சுப் பாத்தாக்கூட அறுத்த இடம் தெரியாது” என்றார்.

அம்மாதான் முந்திக்கொண்டாள். “மொதல்ல அதைச் செய்ங்க கொழுந்தனாரே. என் மக போற காரு ஓட்டையோட போகக் கூடாது.”

அய்யா தகட்டை வாங்கிப் பார்த்தார். நல்ல வேலை என்றார். பிறகு சித்தப்பாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

“கூரையை மாத்து. இருக்கையை மாத்து. எதை வேணா மாத்து, நான் கேக்க மாட்டேன். அதுல மட்டும் கை வைக்காத.”

“ஏண்ணே, கோணலா கெடக்கே?”

“ரெண்டு பக்கம்தான் கோணல். அது உங்க மதினி அறுத்தது. நேரா இருக்க ரெண்டும் நான். அது அப்படியே இருக்கட்டும்டா.”

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அவர் கையிலிருந்த தகட்டைப் பார்த்தாள். அப்புறம், “அந்தத் தகட்டைக் கோழிக்கூட்டுக்காவது போடுங்க, வீணாப்போகாம” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். சாம்பார் அடிப்பிடிக்கும் வாசம் வந்தது. அய்யா குரல் கொடுத்தார். அவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.